இரண்டு பாய்ச்சலுக்கு நடுவே

எங்கள் தொழிலில் சரக்கு ஆகாயத்தில் கிடக்கிறது, கடை கொல்கத்தாவில் இருக்கிறது, வாங்க வருகிறவர் என்று ஒருவரும் கிடையாது. பூமியைச் சுற்றியுள்ள காந்தப்புலம் எங்கே முடிகிறதோ, அந்த ஓரத்தில் என்ன நடக்கிறது என்று விண்கலங்கள் அனுப்பும் கோடுகளைப் பார்த்துச் சொல்வது என் வேலை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டு, நீங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் பாயசத்துக்குப் போய்விட்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

என் பெயர் கோமதி. ஊர் விருதுநகர். கொல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதியில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தேன். ஒப்பந்தம் முடிவதற்குள் 'இது இவள் கண்டது' என்று சொல்லிக்கொள்ள உருப்படியாக ஒன்றாவது இருந்தால் நீட்டிப்பார்கள். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நான் இங்கே சொல்லப்போவதெல்லாம் பெட்டியைக் கட்டுவதா வேண்டாமா என்ற தவிப்பில் ஓடிய கடைசி வருஷத்துச் சங்கதிகள்.

மாஷிமாவுக்கு ஒரு வகுப்பு

நான் குடியிருப்பது அதே ஊரில் பெஹாலா பகுதியில் ஒரு வீட்டின் மாடி அறை. கீழே வீட்டுக்கார அம்மாள். அவரை மாஷிமா என்று கூப்பிடுகிறேன். அம்மாவோடு பிறந்தவள் என்று அர்த்தம். இந்த ஊரில் கொஞ்சம் வயதான எந்த அம்மாளையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும், பெயர் சொன்னால் குற்றம். ஞாயிற்றுக்கிழமைகூட ஒரு பெண் கம்ப்யூட்டரில் நெளிநெளியான கோடுகளை வெறித்துக்கொண்டிருக்கிறாளே, இவளுக்கு மனசில் ஏதாவது கோளாறா என்று அவருக்கு ரொம்ப நாளாகக் கவலை. ஒரு நாள் அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டே என்னைக் கீழே கூப்பிட்டு உட்கார வைத்து, "உண்மையைச் சொல்லு, அப்படி என்னதான் பார்க்கறே?" என்றார்.

சொன்னேன். சூரியனிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசுகிறது, அதற்கும் காந்தப்புலம் உண்டு, அது பூமியின் காந்தப்புலத்தில் வந்து முட்டுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருந்தால், முட்டுகிற ஓரத்தில் காந்தக் கோடுகள் அறுந்துபோய், இந்தப் பக்கத்துக் கோடு அந்தப் பக்கத்துக் கோட்டோடு சேர்ந்துகொள்ளும். சேருகிற வேகத்தில் அங்கேயுள்ள துகள்கள் வடக்கேயும் தெற்கேயும் பீய்ச்சியடிக்கும். அந்தத் திறப்பு வழியாகத்தான் சூரியக்காற்று உள்ளே புகுந்து செயற்கைக்கோள்களுக்கு வினை வைக்கிறது. அறுந்து சேருகிற அந்த நட்டநடு இடத்தைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு, நான் அதைத்தான் தேடுகிறேன் என்று முடித்தேன். என் பேச்சைக் கடைசிவரை கேட்ட முதல் வெளியாள் மாஷிமாதான். மீன் தலையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இவங்களோட முறிச்சுக்கிட்டு உடனே அவங்களோட சேர்ந்துக்கறது. இதைப் பார்க்க எதுக்கு ராக்கெட்? எங்க சொந்தக்காரங்க பூஜைக்கு வர்றப்போ நீயும் கீழே வந்து உட்காரு."

எங்கள் முறைவாசல்

நான்கு விண்கலங்கள் கோழிக்குஞ்சுகள் மாதிரி ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு பூமியைச் சுற்றி வருகின்றன. வேறு நாட்டார் விட்டவை. போகிற இடத்திலெல்லாம் நுணுக்கமாக அளக்கும். ஆனால் அளந்தது அவ்வளவையும் கீழே அனுப்ப அவற்றுக்கு வழியில்லை. அதனால் முதலில் மேலோட்டமாக ஒரு படம் வரும். அதைப் பார்த்து, 'இங்கிருந்து இதுவரை உள்ளதை மட்டும் முழுசாக அனுப்பு' என்று ஒரு மனுஷர் குறித்துக் கொடுக்க வேண்டும். குறிக்காமல் விட்டதன் மேல் புது அளவுகள் ஏறி, பழையது அழிந்துவிடும். இந்தக் குறிக்கிற வேலையைப் பல ஊர் ஆராய்ச்சிக்காரர்கள் முறை போட்டுச் செய்கிறோம். ஒண்டுக்குடித்தனத்தில் முறைவாசல் தெளித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் முறை வந்தால் நாம்தான் தெளிக்க வேண்டும், கோலம் கோணலாக இருந்தால் எல்லாக் குடித்தனமும் பேசும்.

மழைக்காலத்தில் எங்கள் நிறுவனத்துக்கு முதல் தடவையாக முறை வந்தது. நானும் ஷர்மிஷ்டாவும் உட்கார்ந்தோம். ஷர்மிஷ்டா எங்களிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பெண். வீடு ஹவுராவில். தினமும் படகில் ஆற்றைத் தாண்டி, பஸ் பிடித்து, வரும்போதே வழியில் நடந்த அத்தனையையும் சொல்லிக்கொண்டு வருவாள். என்னைவிடச் சின்னவள், ஆகவே நான் அவளுக்கு கோமதி-தி, அதாவது அக்கா. எங்கள் பேச்சு பாதி வங்காளம் பாதி ஆங்கிலம், உங்களுக்காகத் தமிழாக்கிச் சொல்கிறேன். அன்றைக்குக் குறித்து முடித்து அனுப்பிவிட்டு நான் சோம்பல் முறித்தேன். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நாம விட்டதுல என்ன இருந்ததுன்னு இனிமே யாருக்குமே தெரியப்போறதில்ல, இல்ல கோமதி-தி? எனக்கு அதுதான் பயமா இருக்கு."

தப்புக்கும் படிப்பு வேண்டும்

அவள் வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது. அந்த வாரம் எங்கள் படத்தில் துகள்கள் தெற்குப் பக்கம் ஒரு பாய்ச்சல் பாய்ந்திருந்தன. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. பிறகு வடக்குப் பக்கம் இன்னொரு பாய்ச்சல். இரண்டும் நன்றாக உயர்ந்து, பார்க்கவே வயிறு குளிர்கிற மாதிரி இருந்தன. இரண்டையும் குறித்தோம். நடுவில்தான் ஒன்றுமில்லையே, எதற்கு வீணாக இடத்தை அடைக்க வேண்டும் என்று அதை வெட்டிவிட்டோம். அப்போது எங்களுக்கு எங்கள் சிக்கனத்தில் பெருமை வேறு.

விஷயம் இதுதான். கோடுகள் அறுந்து சேருகிற நடு இடத்திலிருந்துதான் துகள்கள் இரண்டு பக்கமும் கிளம்புகின்றன. கிளம்புகிற இடத்தில் வேகம் இருக்காது. தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று என்று பார்த்துவிட்டால், இரண்டுக்கும் நடுவில் அந்த இடம் விண்கலத்தைக் கடந்து போயிருக்கிறது என்று அர்த்தம். இது எங்களுக்குத் தெரியாதா? பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவர்கள்தானே. ஆனால் கை மவுஸில் இருக்கும்போது கண் உயரமான கோட்டைத் தேடித்தான் போகிறது. உலகத்தில் சாதாரண மனுஷர் யாராலும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது, இதற்கென்று வருஷக்கணக்கில் படித்திருக்க வேண்டும். புரிந்து, பதறி, திரும்பக் கேட்பதற்குள் அது அழிந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடலாம் போலிருந்தது, அது நிறுவனத்துச் சொத்து என்பதால் விட்டேன். எங்கள் குழுத்தலைவர் அனிர்பான்-தா ('தா' என்றால் அண்ணன்) குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. படத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு டீயை ஒரு வாய் குடித்தார். "கல்யாண வீட்டுல மங்களச் சங்கு ஊதினதை எடுத்திருக்கீங்க, சாப்பாட்டுப் பந்தியை எடுத்திருக்கீங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் முகம் பார்த்துக்கற நேரத்துக்குக் கேமராவை மூடி வெச்சுட்டீங்க."

அப்பா கேட்ட ஒன்று

ஒப்பந்தம் முடிய அதிக நாள் இல்லை, கையில் ஒன்றுமில்லை என்ற சேதி வீடு வரைக்கும் போய்விட்டது. சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் தம்பி தன் கம்பெனியிலேயே எனக்கு ஓர் இடம் பேசி வைத்திருந்தான். யார் எந்த சோப்பு வாங்குகிறார்கள் என்று கண்டுபிடிக்கிற இடம். "அங்கேயும் கோடு பார்க்கிற வேலைதான்க்கா" என்று அவன் ஆறுதல் சொன்னான். அவன் நல்லதைத்தான் நினைத்தான், இருந்தாலும் நான் போனில் அவனைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். எரிச்சல் அவன் மேல் இல்லை. அந்த வேலைக்குப் போய்விடுவேனோ என்று என் மேலேயே பயம்.

மறுநாள் அப்பா கூப்பிட்டார். விருதுநகரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். ஆணி, கீல், தாழ்ப்பாள் என்று எதைக் கொடுத்தாலும் அது எதற்கு ஆகும் என்று தெரிந்து கொடுப்பவர். என் வேலை எதற்கு ஆகும் என்று இதுவரை அவர் கேட்டதில்லை. இன்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். சாப்பிட்டாயா என்றார், மழை உண்டா என்றார், கடையில் யாருக்கோ சில்லறை கொடுத்தார். பிறகு சொன்னார்: "எங்க பேச்சைக் கேட்டு நீ என்னைக்கு முடிவு பண்ணினே? உனக்குப் போதும்னு தோணுற வரைக்கும் இரும்மா. கடைக்கு வர்றவங்க கேட்டா ஒரு வரியில சொல்ற மாதிரி மட்டும் எனக்கு ஏதாவது சொல்லிக் குடு."

அஷ்டமி காலையில்

எங்களுக்கு இரண்டாவது முறை வந்தது துர்கா பூஜையின்போது. பூஜை நாட்களில் கொல்கத்தாவில் வேலை பார்க்கிறேன் என்று சொல்வதே கெட்ட பழக்கம். நிறுவனத்துக்குப் பூட்டு. ஷர்மிஷ்டா முந்தின நாளே என் அறைக்கு வந்து தங்கிவிட்டாள். பூஜையின் முக்கிய நாளான அஷ்டமி அன்று ஹவுராவிலிருந்து பெஹாலாவுக்கு வருவதைவிட ஒரு ராக்கெட் விட்டுவிடலாம். அஷ்டமிக்கு வீட்டில் இல்லாத பெண் எனக்கு வேண்டாம் என்று அவள் அம்மா கோபித்துக்கொண்டிருந்தார். புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், படம் திறந்ததும் நிமிர்ந்துவிட்டாள். தெற்கே ஒரு பாய்ச்சல். வடக்கே ஒரு பாய்ச்சல். நடுவில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாதது இந்தத் தடவை இன்னும் நீளம்.

முழுசாகக் கேட்டால் வேறொரு குழு முன்கூட்டியே கேட்டிருந்த பகுதி பின்னால் தள்ளப்படும். வெளிநாட்டில் மேற்பார்வைக்கு இருந்தவர், நடுவைக் குறைத்துக்கொள்ளலாமே என்று எழுதினார். முறை உங்களுடையது, முடிவும் உங்களுடையது என்று மரியாதையாக ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த மரியாதையில்தான் எனக்கு வியர்த்தது. உள்ளே சரக்கில்லை என்றால், பொது இடத்தை அடைத்துக்கொண்டவள் என்று அத்தனை பேர் முன்னாலும் என் பெயர் நிற்கும், அந்தப் பெயரோடுதான் ஒப்பந்தக் கமிட்டி முன்னால் போய் உட்கார வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பூஜைப் பந்தலில் டாக் என்கிற பெரிய மேளம் காதைப் பிளந்தது. நான் முதல் பாய்ச்சலின் ஆரம்பத்திலிருந்து இரண்டாவதன் கடைசி வரை ஒரே இழுப்பாக இழுத்துக் குறித்தேன். காரணம் எழுதுகிற கட்டத்தில் 'நடுவை வெட்ட வேண்டாம்' என்று மட்டும் போட்டேன். ஷர்மிஷ்டா என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லாததுக்காக ஒருத்தர் இவ்வளவு அடம் பிடிச்சு நான் பார்த்ததில்ல, கோமதி-தி. அனுப்புங்க."

கிளப் செக்ரட்டரி

அனுப்பினால் போகவில்லை. கூட்டத்தைத் தடுக்கப் பந்தலைச் சுற்றி அப்போதுதான் புதிதாக மூங்கில் நட்டவர்கள் எங்கள் தெருவின் இன்டர்நெட் ஒயரை அறுத்துவிட்டிருந்தார்கள். போனில் முயன்றால், தெருவில் உள்ள ஜனம் மொத்தமும் அம்மன் முன்னால் நின்று செல்ஃபி அனுப்பிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் போகாவிட்டால், மேற்பார்வைக்காரரே நடுவை வெட்டிக் குறித்துவிடுவார், அந்தக் குறிப்புதான் விண்கலத்துக்குப் போகும். நான் படியில் உட்கார்ந்து அழத் தயாராக இருந்தபோது மாஷிமா பூஜைத் தட்டோடு வெளியே வந்தார். என்ன என்றார். சொன்னேன். தட்டை ஷர்மிஷ்டா கையில் கொடுத்துவிட்டு, ஒரு கையில் என்னையும் மறு கையில் என் லேப்டாப்பையும் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தார். பெஹாலாவில் அஷ்டமிக் கூட்டத்திடம் வழிவிடச் சொல்லி வழி வாங்கிய ஒரே ஆளை அன்றுதான் பார்த்தேன்.

பந்தலுக்குப் பின்னால், தெருப் பூஜையை நடத்துகிற கிளப்பின் அறை. கூட்டத்தைக் கண்காணிக்கும் கேமராக்களுக்காக அங்கே மட்டும் தனி இணைப்பு உண்டு. செக்ரட்டரி ஆஜானுபாகு, புது ஜிப்பா போட்டிருந்தார், நாலு பக்கமும் கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. இந்த நேரத்தில் லேப்டாப்போடு வருகிறவளைப் பார்த்ததும் நன்கொடை ரசீதில் தகராறு என்று நினைத்துவிட்டார். "இவ வேலை மேலே ஆகாசத்துல, அங்கேர்ந்து சாமான் இறக்கணும், உன் ஆளுங்க ஒயரை அறுத்துட்டாங்க" என்று மாஷிமா சுருக்கமாக வழக்கை வைத்தார். அத்தனை வருஷம் நான் எழுதிய எந்தக் கட்டுரையின் சுருக்கமும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. செக்ரட்டரி தன் நாற்காலியிலிருந்து எழுந்து, அதன் மேல் கிடந்த மாலையை எடுத்துப் போட்டார். "இன்னிக்கு மேலேர்ந்து வர்றது எல்லாம் துர்கா அம்மாவோட கணக்குதான். உட்காருங்க, புஷ்பாஞ்சலி ஆரம்பிக்கறதுக்குள்ள அனுப்பிடுங்க."

பிறை

பூஜை முடிந்து, வீடு வீடாகப் போய் இனிப்பு கொடுத்து வாங்குகிற நாட்களில் முழு அளவுகள் வந்து சேர்ந்தன. எலக்ட்ரான்கள் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் போகின்றன என்று படம் போட்டால், சாதாரணமாக உருண்டையாக ஒரு திட்டுதான் வரும். கோடுகள் அறுந்து சேருகிற நடு இடத்தில் மட்டும் அதோடு கூடப் பிறை மாதிரி வளைந்து ஒன்று தெரியும். புத்தகத்தில் பார்த்திருக்கிறோம், மற்றவர்கள் கட்டுரைகளில் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறோம். ஷர்மிஷ்டா ஒரு கையில் தேங்காய் உருண்டையோடு அந்த ஒன்றுமில்லாத பகுதியைத் திறந்தாள். பிறை இருந்தது. ஒரு விண்கலத்தில் தெரிந்து, சற்றுத் தள்ளி வந்த இன்னொன்றிலும் தெரிந்தது. அவள் உருண்டையை வாயில் போட மறந்து அப்படியே நின்றாள், எனக்குக் கண்ணில் நீர் கட்டி அந்தப் பிறை இரண்டாகத் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அனிர்பான்-தா மட்டும் சந்தோஷப்பட மறுத்துவிட்டார். கருவிக் கோளாறு என்றார், பார்த்தோம், இல்லை. வடக்கு தெற்கு அச்சைத் தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள் என்றார். எங்கள் தொழிலில் அது அடிக்கடி நடக்கிற கூத்துதான், நான்கு தடவை சரிபார்த்தோம், அதுவும் இல்லை. தற்செயல் என்றார். தினம் ஒரு சந்தேகத்தோடு வந்து என் மேஜை முன்னால் நிற்பார். நான் முதலில் சிரித்த முகத்தோடும், பிறகு சிரிக்காத முகத்தோடும், கடைசியில் நேரடியாகச் சண்டைக்கே போயும் பதில் சொன்னேன். ஒரு சாயங்காலம் கேள்வி இல்லாமல் வந்தார். கையில் இரண்டு டீ. ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். "இதை எப்படியாவது உடைச்சுடணும்னுதான் பார்த்தேன், கோமதி. உடைய மாட்டேங்குது. எழுத ஆரம்பிங்க."

கமிட்டி

எழுதினோம். கட்டுரை இன்னும் பரிசீலனையில் இருக்கும்போதே ஒப்பந்தக் கமிட்டி கூடிவிட்டது. தலைவர் ஒரு மூத்த பேராசிரியை. மூக்கு நுனியில் கண்ணாடி, அதற்கு மேலே நம்மைப் பார்க்கிற பார்வை. படங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதுவுமே அசையாத இந்தத் துண்டை ஏன் கேட்டாய் என்றார். போன தடவை இதே மாதிரித் துண்டை விட்டதைச் சொன்னேன். கமிட்டியில் இருந்த மற்ற இருவரும் எழுதிக்கொண்டார்கள், அது எனக்கு நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. கடைசியாக, "இன்னும் இரண்டு வருஷம் கொடுத்தால் இது மாதிரி இன்னொன்று கண்டுபிடிப்பாயா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்குக் கண்ணாடி முன்னால் நின்று பிரமாதமான பதில் ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல அந்தச் சமயத்தில் மனசு வரவில்லை. "தெரியாது மேடம். என் முறை வரும்போது பார்ப்பேன். அதுக்கு மேல சொன்னா பொய்" என்றேன்.

வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். வராந்தாவில் நின்றபோது, கெடுத்துக்கொண்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். தம்பிக்கு என்ன சொல்வது, மாஷிமாவிடம் அறையைக் காலி செய்வதை எப்படிச் சொல்வது என்றெல்லாம் கணக்குப் போட்டேன். இந்த ஊரை விட்டுப் போக எனக்கு இஷ்டமே இல்லை என்பது அப்போதுதான் இவ்வளவு பலமாகத் தெரிந்தது. கதவு திறந்தது. பேராசிரியையே வந்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நிச்சயம் கண்டுபிடிப்பேன்னு சொன்னவங்களை எல்லாம் போன வருஷமே எடுத்துப் பார்த்தாச்சு. நீ இரு."

எதுவுமே அசையாத இடத்தைக் காட்டி வேலையைக் காப்பாற்றிக்கொள்ளக்கூடிய தொழில் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், அரசாங்க ஆபீஸ்களைச் சேர்க்காமல் சொல்கிறேன்.